மூஜான், 1968: பிக்காசோவின் 347 செப்புத் தகடுகள்

1968 மார்ச் 16 அன்று பிக்காசோ ஒரு செப்புத் தகட்டில் ஊசி வைத்தார். இடம், தென் பிரான்சில் கான் நகருக்கு அருகே உள்ள மூஜான். அவருக்கு வயது 86. அக்டோபர் 5 அன்று இந்த வரிசையின் கடைசித் தகட்டை முடித்தபோது மொத்தம் 347 தகடுகள் சேர்ந்திருந்தன. கணக்குப் பார்த்தால் 204 நாட்கள்; சராசரியாக நாளுக்கு 1.7 தகடு. ஆனால் இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எதுவுமே செய்யாத நாட்கள் உண்டு. ஒரே நாளில் பல தகடுகளை முடித்து, தேதிக்குப் பக்கத்தில் ரோமன் எண்ணில் வரிசை போட்டு அடுக்கிய நாட்களும் உண்டு. இதற்குத் தனியாக ஒரு பெயரை யாரும் தேடவில்லை. எண்ணிக்கையே பெயராகி ‘தொகுதி 347’ என்று நிலைத்துவிட்டது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பாட்டில் ஒன்றைப் பாடுவார்கள். “இந்த வயதில் இவ்வளவா!” என்பது ஒன்று. “இந்த வயதில் இப்படியா!” என்பது இன்னொன்று. முதலாமவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்கிறார்கள். இரண்டாமவர்கள் சில படங்களில் கட்டிலில் நடப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். இது எப்படி நடந்தது என்ற சாதாரணக் கேள்வியை இரண்டு தரப்பும் கேட்பதில்லை.

எட்சிங், அதாவது தகட்டில் கீறி அமிலத்தில் அரித்து அச்செடுக்கும் கலை, தனி ஆள் செய்து முடிக்கிற வேலை இல்லை. தகட்டைத் தயார் செய்ய ஆள் வேண்டும், அமிலத்தில் போட்டு எடுக்க ஆள் வேண்டும், மை பூசித் துடைத்து அச்சு இயந்திரத்தில் ஓட்ட ஆள் வேண்டும். பட்டறை பக்கத்தில் இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட மேதைக்கும் ஆறேழு மாதத்தில் 347 வராது. பட்டறை பக்கத்தில் இருந்ததால் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை. படங்களின் இயல்பே மாறியது என்பதுதான் என் வாதம். தனித்தனிப் படங்களாக இருக்க வேண்டியவை ஒரு நீண்ட தொடர்கதையாகிவிட்டன.

பட்டறை எவ்வளவு தூரம்?

பிக்காசோவின் எட்சிங் வாழ்க்கை ஒரு சொதப்பலில் தொடங்கியது. 1899-இல் பார்சிலோனாவில் காளைச் சண்டைக் குதிரைவீரன் ஒருவனைத் தகட்டில் வரைந்தார். அச்சில் எல்லாம் இடவலம் மாறிவிடும் என்பதை யோசிக்கவில்லை. தாளில் வந்த வீரன் ஈட்டியை இடது கையில் பிடித்திருந்தான். பையனுக்கு வயது 17, கெட்டிக்காரன். படத்துக்கு ‘இடக்கையன்’ என்று பெயர் வைத்துவிட்டான். 1904-இல் ஏற்கெனவே பயன்படுத்திய துத்தநாகத் தகடு ஒன்றின் மீது, எளிய சாப்பாட்டின் முன் உட்கார்ந்திருக்கும் மெலிந்த ஜோடியை வரைந்தார். 1930-களில் வொல்லார் என்ற ஓவிய வணிகருக்காக 100 தகடுகள். அதில் பாரிசின் பெயர்பெற்ற அச்சாளர் ரொஜே லாக்கூரியேர் கூடவே நின்றார். சர்க்கரை அக்வாடின்ட் என்ற உத்தியைப் பிக்காசோவுக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

1950-களின் நடுவில் பிக்காசோ தெற்கே குடிபெயர்ந்தார். பட்டறைகள் எல்லாம் பாரிசில். தகட்டை அனுப்பிவிட்டுச் சோதனை அச்சு திரும்பி வரும்வரை காத்துக்கிடக்க வேண்டும், இவரோ காத்திருக்கிற ஆள் இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் திடீரென்று, லினோலியம் பலகையைச் செதுக்கி அச்செடுக்கும் லினோகட் பக்கம் திரும்பியதைக் கலை வரலாற்றில் ஏதோ பெரிய பாணி மாற்றமாக எழுதுவார்கள். உண்மைக் காரணத்தில் பாதி ரொம்பச் சாதாரணம். வல்லோரிஸ் ஊரில் இதால்கோ அர்னேரா என்ற அச்சாளர் இருந்தார். லினோலியம் பலகையைக் கொடுத்தால் உடனுக்குடன் அச்செடுத்துக் கொடுத்துவிடுவார்.

1963-இல் நிலைமை மாறியது. லாக்கூரியேரிடம் தொழில் பழகிய ஆல்டோ குரோம்லிங்க், தம்பி பியரோவோடு மூஜானுக்கே வந்து, ஒரு பழைய ரொட்டிக்கடைக் கட்டடத்தில் பட்டறை போட்டார். இவர்களுடைய தந்தை ஃபெர்னான் குரோம்லிங்க் பெல்ஜியத்தின் பெயர்பெற்ற நாடகாசிரியர். பொறாமை தலைக்கேறிய கணவன் ஒருவனைப் பற்றிய அவருடைய நாடகத்துக்கு 1966-இல் பிக்காசோ 12 எட்சிங் செய்து கொடுத்தார். கோமாளித்தனம், கட்டில், ஒளிந்து பார்க்கும் கண் என்று 347-இல் வரப்போகிற பலவற்றின் வாடை அங்கேயே அடிக்கிறது. அண்ணன் தம்பி பட்டறை வந்த பிறகு லினோகட் மெல்ல ஒதுங்கியது. பிக்காசோவின் கடைசிப் பத்தாண்டில் இவர்கள் கைவழியாகப் போன தகடுகள் 750-ஐ ஒட்டி வரும்.

தகட்டில் நடப்பது என்ன?

செப்புத் தகட்டில் மெழுகும் தாரும் கலந்த பூச்சு தடவியிருக்கும். ஊசியால் கீறினால் அந்த இடத்தில் மட்டும் செம்பு வெளியே தெரியும். தகட்டை அமிலத்தில் போட்டால் கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பூச்சைத் துடைத்துவிட்டு மை தடவி, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை மேலே வைத்து உருளைக்கு நடுவில் அழுத்தினால் தாள் அந்த மையை உறிஞ்சிக்கொள்ளும். அதுவரை எட்சிங். கோடு மட்டும்தான் கிடைக்கும்.

சாம்பல் நிறத் திட்டுகள் வேண்டுமென்றால் அக்வாடின்ட். ரோசின் என்ற பிசின் தூளைத் தகட்டின் மேல் தூவிச் சூடாக்கினால், துகள்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். அமிலம் அவற்றுக்கு இடையில் புகுந்து பொடிப்பொடியாக அரிக்கும். அச்சில் அது கோட்டுக்குப் பதில் ஒரு நிழலாக வரும். சர்க்கரை அக்வாடின்ட் இதற்கும் ஒரு படி மேலே. சர்க்கரைப் பாகும் கறுப்பு மையும் கலந்த கரைசலைத் தூரிகையால் தொட்டு நேராகத் தகட்டில் வரையலாம். காய்ந்ததும் வார்னிஷ் பூசி வெந்நீரில் போட்டால், சர்க்கரை இளகி மேலிருக்கும் வார்னிஷைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். வரைந்த இடம் மட்டும் திறந்துகொள்ளும். அதை அக்வாடின்டாக அரித்து எடுத்தால், தூரிகையின் ஈரமும் வேகமும் அப்படியே தாளில் வரும். ஊசி பிடிக்கும் கையும் தூரிகை பிடிக்கும் கையும் வேறு. பிக்காசோ இரண்டையும் ஒரே தகட்டில் கலந்தார். கூடவே ட்ரைபாயின்ட் என்ற நேரடிக் கீறலும், சுரண்டியால் இருட்டைச் சுரண்டி வெளிச்சம் எடுப்பதும் உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சில தகடுகளில் அவர் வேண்டுமென்றே செய்த ஒரு ‘தப்பு’. செம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சர்க்கரைக் கரைசல் பரவாது, முத்து முத்தாகத் திரண்டு ஒதுங்கும். அதனால்தான் எந்தப் பட்டறையிலும் தகட்டைச் சுத்தமாகப் பிசுக்கு நீக்குவது முதல் பாடம். பிக்காசோ பிசுக்குப் போகாத தகட்டின் மேலேயே வரைந்தார். கரைசல் உடைந்து, சொட்டுச் சொட்டாக நின்று, பொம்மைகளின் உடம்பெல்லாம் அம்மை போட்டது மாதிரி ஆனது. அந்தப் படங்களில் முகங்கள் பாதி உருவாகி, பாதி கரைந்து நிற்கின்றன. பட்டறைக்காரர்கள் பக்கத்தில் இருந்து, இதை எவ்வளவு நேரம் அரிக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று பார்த்துக்கொண்டால்தான் இந்த விளையாட்டு எடுபடும். தபாலில் தகடு அனுப்பி இதைச் செய்ய முடியாது.

பெரும்பாலான தகடுகளில் அவர் தேதியையும் கீறியிருக்கிறார். ‘இடக்கையன்’ படத்துக்கு 69 ஆண்டுகள் கழித்தும் அவர் கண்ணாடி எழுத்தில் எழுதச் சிரமப்படவில்லை. நேராகவே எழுதினார், அச்சில் பல தேதிகள் இடவலம் மாறித்தான் நிற்கின்றன. ஆனால் தேதி போடாமல் விட மனம் வரவில்லை.

அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள்

1965 நவம்பரில் யாருக்கும் தெரியாமல் பாரிசுக்குப் போய், நெய்யி பகுதியில் உள்ள அமெரிக்க மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதற்குப் பிறகு பல மாதங்கள் பெரிய கித்தான்களைத் தொடவில்லை; வரைவதும் தகட்டில் கீறுவதும்தான். 1966 இறுதியில் பாரிசில் அவருக்கு மாபெரும் கண்காட்சி நடந்தது. அவர் போகவில்லை. 1967-இல், குவெர்னிகா என்ற புகழ்பெற்ற போர் ஓவியத்தை வரைந்த அந்தப் பழைய பாரிஸ் ஸ்டூடியோவும் கையைவிட்டுப் போனது. அப்புறம் 1968 பிப்ரவரியில் ஜாமே சபார்த்தேஸ் இறந்தார்.

சபார்த்தேஸ் சாதாரண நண்பர் இல்லை. இளவயது பார்சிலோனாக் கூட்டாளி, பிற்காலத்தில் பிக்காசோவின் செயலாளர், 1963-இல் திறந்த பார்சிலோனா பிக்காசோ அருங்காட்சியகத்துக்குத் தன் சேகரிப்பைக் கொடுத்து வித்திட்டவர். அவருடைய இழப்புக்கு அடுத்த மாதமே 347 தொடங்குகிறது. இதையும் அதையும் நேராக முடிச்சுப் போடுவது எளிது. ஆனால் படங்களில் துக்கம் தேடினால் கிடைக்காது. கிடைப்பது ஸ்பெயின். 17-ஆம் நூற்றாண்டுத் தொப்பியும் வாளுமாக வீரர்கள், முக்காடு போட்ட கிழவிகள், விலைமாதர், குள்ளர்கள், கோமாளிகள். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி இருக்கும்வரை அங்கே காலடி வைக்க மாட்டேன் என்று இருந்தவர், பார்சிலோனா நண்பன் போனதும் தகட்டில் ஸ்பெயினுக்குப் போய்விட்டார். அவர் செய்த அச்சுகளில் ஒரு படி, செத்துப்போன சபார்த்தேஸின் பெயரை எழுதி, பார்சிலோனா அருங்காட்சியகத்துக்குப் போனது.

அந்த வசந்தத்தில்தான் பாரிசில் மாணவர் கிளர்ச்சி. நாடே வேலைநிறுத்தத்தில் முடங்கியது. மே மாதத் தகடுகளில் ஒரு தெருத் தடுப்பரண் கூட இல்லை. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் வேறு! அவர் பாட்டுக்கு சர்க்கஸ் குதிரைக்காரிகளை வரைந்துகொண்டிருந்தார்.

முதல் தகடு

வரிசையின் முதல் தகடு பெரியது. ஏறக்குறைய 40-க்கு 56 செ.மீ. பிக்காசோவும் அவருடைய படைப்பும் அவருடைய பார்வையாளரும் என்பதே இதன் பெயராக வழங்குகிறது. ஒரு மேடை, சர்க்கஸ் கொட்டகை மாதிரி. நடுவில் உடம்பை முறுக்கி நிற்கும் பயில்வான், ஒரு நிர்வாணப் பெண், சூனியக்காரத் தொப்பி போட்ட ஓர் உருவம். ஓரத்தில் குட்டையாக, பெரிய தலையோடு ஒரு கிழவர். அது அவரேதான். தன்னைக் குள்ளக் கோமாளியாக்கி ஓரத்தில் நிறுத்திவிட்டார்.

347-க்கும் சாவி இந்த ஓரத்துக் கிழவர். 1930-களின் வொல்லார் தகடுகளை எடுத்துப் பாருங்கள்: தாடி வைத்த சிற்பி கட்டிலில் சாய்ந்திருப்பார், மாதிரிப் பெண் தோளில் சாய்ந்திருப்பாள், இருவரும் சேர்ந்து சிலையைப் பார்ப்பார்கள். கலைஞன்தான் நாயகன். 35 ஆண்டுகள் கழித்து நாயகன் வேடம் வேறு யாருக்கோ போய்விட்டது. மீசை முறுக்கிய வாள்வீரன் காதல் செய்கிறான், குதிரைக்காரன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கிழவர் பார்க்கிறார். ராஜாவாக, போப்பாக, மந்திரவாதியாக, குள்ளனாக மாறி மாறி வேடம் போட்டுப் பார்க்கிறார், ஆனால் பார்ப்பதோடு சரி.

இவர்களுக்கு நடுவில் திரும்பத் திரும்ப வரும் கிழவி செலஸ்தினா. 1499-இல் வெளிவந்த ஸ்பானியப் பழம்பெரும் படைப்பின் கூட்டிக்கொடுக்கும் கிழவி. 1904-இலேயே ஒரு கண் பார்வையற்ற செலஸ்தினாவை நீல வண்ணத்தில் வரைந்தவர் பிக்காசோ. அது அவருடைய பெயர்பெற்ற ஓவியங்களில் ஒன்று. 1968-இல் அவள் பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறாள், கடத்தலுக்குக் காவல் நிற்கிறாள். 347-இல் 66 படங்கள் பிறகு அந்தப் படைப்பின் பிரெஞ்சுப் பதிப்பில் சேர்ந்து, 1971-இல் குரோம்லிங்க் பட்டறை வெளியீடாகவே வந்தன. இவற்றில் பல மிகச் சிறிய தகடுகள். எனக்குத் தொகுதியிலேயே மிகச் செறிவாகப் படுவது இந்தச் சிறிய படங்கள்தான். பெரிய சர்க்கஸ் காட்சிகளில் உருவங்கள் நெரிசலாகி, பல இடங்களில் கை சும்மா பழக்கத்தில் ஓடுகிறது. 347-ஐயும் ஒரே தரம் என்று சொல்வது பக்தி.

ரஃபேலும் ஃபோர்னரினாவும்

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக வந்த 25 தகடுகள்தான் தொகுதியின் பெயரைக் கெடுத்தவை, அதே சமயம் பேச வைத்தவை. கதை பழையது. மறுமலர்ச்சி ஓவியர் ரஃபேல் 1520-இல் 37 வயதில் இறந்தார். காதல் களியாட்டம் அளவு மீறி, அதில் வந்த காய்ச்சல்தான் காரணம் என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதிவைத்தார். காதலி, ரொட்டிக்காரர் மகள் என்று சொல்லப்படும் ஃபோர்னரினா. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் இந்த ஜோடியைப் பலமுறை வரைந்தார். அவருடைய படத்தில் அவள் ரஃபேலின் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். ரஃபேலோ அவளைக் கட்டிப்பிடித்தபடி, தலையைத் திருப்பி, தாங்கியில் இருக்கும் அவளுடைய உருவப்படத்தைப் பார்க்கிறார்.

பிக்காசோ கேட்டது, சரி, அடுத்து என்ன நடந்தது என்பதுதான். ஆங்க்ர் நாகரிகமாக நிறுத்திய இடத்திலிருந்து இவர் கதையைத் தொடர்ந்தார். இருவரும் கட்டிலுக்குப் போகிறார்கள். ஆனால் ரஃபேல் தூரிகையையும் வண்ணத்தட்டையும் கீழே வைப்பதில்லை. கலவியின் நடுவிலும் ஒரு கையில் தூரிகை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகு திரை விலகுகிறது, போப் எட்டிப்பார்க்கிறார். அடுத்த தகடுகளில் போப் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். கட்டிலுக்கு அடியில் இன்னொருவர் ஒளிந்திருக்கிறார், பார்த்தால் மைக்கேலாஞ்சலோ! ஒரே அறை, ஒரே கட்டில், தகட்டுக்குத் தகடு ஆட்கள் மட்டும் இடம் மாறுகிறார்கள்.

இந்தத் தகடுகளில் அக்வாடின்டின் நிழல் விளையாட்டு எல்லாம் போய், சுத்தமான ஊசிக் கோடு மட்டும் மிஞ்சுகிறது. ஆங்க்ரின் கோட்டுக்கு ஒரு கும்பிடு என்றும் எடுத்துக்கொள்ளலாம், கிண்டல் என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு படத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஆபாசம் என்றுதான் படும், மறைக்க ஒன்றுமில்லை. தேதி வரிசையில் பார்த்தால் சிரிப்பு வருகிறது. போப்பின் முகம் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று பார்க்க அடுத்த தகட்டைத் தேடுகிறோம். பட்டறை பக்கத்தில் இருந்ததன் பலன் இங்கேதான் முழுசாகத் தெரிகிறது. போன தகட்டின் அச்சு தாமதமில்லாமல் கைக்கு வந்தால், அதையே பார்த்துக்கொண்டு கதையை ஓர் அங்குலம் நகர்த்தலாம். வாரக்கணக்கில் காத்திருக்கும் ஓவியர் ஒவ்வொரு தகட்டிலும் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் பார்ப்பார்.

கண்காட்சியும் பேச்சும்

1968 டிசம்பரில் பாரிசில் பிக்காசோவின் ஓவிய வணிகர் கான்வைலரின் லூயிஸ் லேரிஸ் காட்சிக்கூடத்தில் 347 காட்சிக்கு வந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் சிகாகோ கலைக் கழகத்திலும். பாரிசில் கட்டில் காட்சிகளைத் தனி அறையில் வைத்து, கேட்டுக்கொண்டவர்களுக்கு மட்டும் காட்டினார்கள். ஒளிந்து பார்க்கும் போப்பைப் பார்க்க, நாம் அனுமதி கேட்டு உள்ளே நுழைய வேண்டும்! இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டைப் பிக்காசோவே யோசித்திருக்க மாட்டார்.

ஒவ்வொரு தகட்டிலிருந்தும் 50 எண்ணிட்ட படிகள், அவற்றுக்கு மேல், கலைஞருக்கென்று ஒதுக்கிய 17 படிகள். எண்ணிட்ட படிகள் மட்டுமே 17,350. ஒவ்வொன்றிலும் பென்சிலால் அவர் கையெழுத்து. அதுவும் ஒரு வேலைதானே.

மதிப்பு உடனே கூடவில்லை. அன்றைய நியூயார்க்கில், கதையும் உருவமும் இல்லாத எளிய வடிவங்களின் கலையான மினிமலிசம் கோலோச்சிக்கொண்டிருந்தது. வாள்வீரனும் போப்பும் யாருக்கு வேண்டும்? 1970-லும் 1973-லும் தென் பிரான்சின் அவிஞோனில் காட்டிய கடைசிக் கால ஓவியங்களுக்கும் இதே கதி. நெடுநாள் நண்பரும் கியூபிச ஓவியங்களின் சேகரிப்பாளருமான டக்ளஸ் கூப்பர், சாவின் வாசலில் நிற்கும் கிழவரின் கிறுக்கல் என்ற பொருளில் எழுதித் தள்ளினார். 1984-இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் கடைசி ஆண்டுகளுக்கென்றே நடத்திய கண்காட்சியும், 1988-இல் பாரிசும் லண்டனும் நடத்தியதும்தான் காற்றைத் திருப்பின. ஓவியங்கள் அப்படி மீண்டு வர வேண்டியிருந்தது. அச்சுகளை, அச்சுக்கலை தெரிந்தவர்கள் கூப்பர் அளவுக்கு ஒருபோதும் ஒதுக்கவில்லை.

பெண்களைப் பற்றிய குற்றச்சாட்டு வேறு; அதைக் கடந்துபோக முடியாது. 347-இல் ஆண்களுக்குத் தொப்பி உண்டு, தொழில் உண்டு, வரலாறு உண்டு, வயது உண்டு. பெண்களில் பாதிப்பேருக்கு உடம்பு மட்டும்தான். செலஸ்தினாவுக்கு மட்டும் விலக்கு, அவள் கிழவி என்பதால். கடத்தல் காட்சிகளில் ஒரு சாகசத் தொனி இருக்கிறது. இன்றைக்குப் பார்க்கும்போது அது உறுத்துகிறது, அந்தக் காலத்து நாடக மரபு என்று சொல்லி அதை ஆற்ற முடியவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கவனிக்கலாம். பல தகடுகளில் அந்தப் பெண் ஓவியனையும் பார்ப்பதில்லை, வீரனையும் பார்ப்பதில்லை. தாளுக்கு வெளியே நம்மைப் பார்க்கிறாள்.

அந்தப் பார்வை அடுத்த தொகுதியில் முற்றுகிறது. 1970 முதல் 1972 மார்ச் வரை செய்த 156 தகடுகள் அது. 1971-இல் அதற்குள் 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் தெகா வந்து சேர்கிறார். விலைமாதர் இல்லங்களைப் பற்றித் தெகா செய்த மோனோடைப்புகளை (பொதுவாக ஒரே ஒரு படி மட்டும் எடுக்கும் அச்சுகள்) 1950-களின் இறுதியிலிருந்தே பிக்காசோ தேடித் தேடி வாங்கியிருந்தார். இப்போது அந்த இல்லத்துக்குள் தெகாவையே கொண்டுபோய் நிறுத்துகிறார். சுவரோரமாக, கோட்டுப் போட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. திருமணமே செய்யாத தெகாவின் தாடியில் பிக்காசோவின் தந்தை சாயலும் இருக்கிறது. பெண்கள் அறையை நிறைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள், வம்பு பேசுகிறார்கள், அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. 347-இன் போப்புக்காவது ஒரு நாற்காலி கிடைத்தது.

156 தொகுதி 1973 ஜனவரியில் காட்சிக்கு வந்தது. ஏப்ரல் 8 அன்று பிக்காசோ இறந்தார். பதிப்பு அதற்குப் பிறகுதான் அச்சானது என்பதால் அவற்றில் பென்சில் கையெழுத்துக்குப் பதில் முத்திரைக் கையெழுத்து.

குரோம்லிங்க் சகோதரர்கள் பாரிசில் வேலையைத் தொடர்ந்தார்கள். பிக்காசோ இறந்த அதே ஆண்டில் ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி அங்கே வந்து, பிக்காசோ பயன்படுத்திய சர்க்கரைக் கரைசல் முறையை ஆல்டோவிடம் கற்றுக்கொண்டார். அப்படி அவர் செய்த எட்சிங் ஒன்றில் ஒரு மேசை. ஒரு பக்கம் கோடுபோட்ட சட்டையில் பிக்காசோ, எதிரே ஆடையில்லாமல் மாதிரியாக உட்கார்ந்திருப்பவர் ஹாக்னி.